கூரையில்லாத கார்

போன மாசம் ரெண்டு பேர் போன் பண்ணி, "என்ன அண்ணா, ஒண்ணும் எழுதறதில்லையா?"ன்னு கேட்டாங்க. எழுத விஷயம் இல்லாம இல்லை. ஒரு விஷயம் மனசுல கிடந்து உருண்டுட்டே இருந்தது. அது ஒரு முடிவுக்கு வரட்டும்னு காத்திருந்தேன். இப்ப வந்திருச்சு. அதனால எழுதறேன்.

எங்க சாளையில் கட்டுத்தறியை ஒட்டி ஓடு போட்ட ஒரு சாய்ப்பு இருக்கு. முன்னாடி சோளத்தட்டு அடுக்கியிருப்போம், பின்னாடி தேங்காய் மட்டை. அந்த மட்டைக்குப் பின்னால 33 வருஷமா ஒரு கார் நின்னுட்டிருந்தது. ஸ்டேண்டர்டு ஹெரால்டு. 1966ஆம் வருஷத்து வண்டி. ரெண்டு கதவு. மேல கூரை கிடையாது.

சென்னையில இருக்கிற பெரியவங்களுக்கு ஹெரால்டு ஞாபகம் இருக்கும். வண்டலூர்ப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டு மேல அந்தக் கம்பெனி இருந்தது. இங்கிலாந்துல ட்ரையம்ப் ஹெரால்டுன்னு வந்த வண்டியை 1961லிருந்து இங்கே ஸ்டேண்டர்டுங்கற பேர்ல பண்ணினாங்க. அந்தக் காலத்துல நம்ம நாட்டுல கார்னா அம்பாசிடர், பியட், இது, மூணுதான். பானெட்டைத் தூக்கினா மட்கார்டு, லைட்டு எல்லாம் சேர்ந்து முகமே முழுசா முன்னால சாயும். இஞ்சின் வேலை பார்க்கறவன் முன் டயர் மேலயே உட்கார்ந்துக்கலாம். சின்ன இடத்துல சட்டுனு திரும்பும். மாட்டு வண்டி திரும்பாத சந்துல ஹெரால்டு திரும்பும்னு அப்பா சொல்வார்.

எங்க அப்பா ஒரு பருத்தி அரவை மில்லில் டிரைவர். வண்டி மில் முதலாளியோடது. அவர் ஏதோ இங்கிலீஷ் படத்துல திறந்த கார் ஒண்ணைப் பார்த்துட்டு வந்து, அதே மாதிரி தனக்கும் வேணும்னு நின்னாராம். 1969ல் கோயம்புத்தூர்ல ஒரு பட்டறையில் விட்டு, ரெண்டு மாசம் வேலை பார்த்துக் கூரையைக் கழட்டினாங்க. மழைக்கு மடக்கிப் போடற மாதிரி இரும்புக் கம்பி வளைச்சு, மேல ரெக்சின் துணி தைச்சாங்க. பின் சீட்டுக்குப் பின்னால இருந்த இடத்தைத் தகரம் தட்டி மூடினாங்க. எல்லாம் கை வேலை. அது மாதிரி இன்னொரு வண்டி இந்தப் பக்கத்துல கிடையாது.

1986ல் மில் மூடியாச்சு. அப்பாவுக்கு வர வேண்டிய பாக்கி நிறைய. அடுத்த வருஷம் முதலாளி கூப்பிட்டு, "பணமா இல்லைப்பா. வண்டிய எடுத்துக்க"ன்னு சாவியைக் கொடுத்தார். அப்பாவும் வாங்கிட்டு வந்தார். டிரைவரா இருந்தவர் சொந்தக்காரர் ஆனதுல ஊருக்கே சிரிப்பு. பெட்ரோல் போட வழியில்லை. நாலு வருஷம் கல்யாணம், காதுகுத்துன்னு ஓட்டிப் பார்த்தார். 1991ல் கிளட்ச் போச்சு. ஸ்பேர் கிடைக்கலை. சாய்ப்புல தள்ளி நிறுத்தினார். நாலு சக்கரத்துக்கும் கல்லு வச்சு முட்டுக் கொடுத்து, இஞ்சினுக்குள்ள எண்ணெய் ஊத்தி வச்சார். 2003ல் அவர் போயிட்டார். வண்டி நின்னுட்டேதான் இருந்தது.

அந்த வண்டிக்கும் எனக்கும் இன்னொரு சம்பந்தம் உண்டு. நான் பிறந்தது 1970 ஐப்பசியில. ராத்திரி நல்ல மழை. அம்மாவுக்கு வலி எடுத்திருச்சு. மருத்துவச்சி பார்த்துட்டு, "பிள்ள திரும்பியிருக்கு, ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருங்க"ன்னு சொல்லியிருக்கா. மாட்டு வண்டியில உடுமலைப்பேட்டை போய்ச் சேர விடிஞ்சிரும். அப்பா ஓடிப்போய் மில்லில் இருந்து யாரையும் கேட்காம காரை எடுத்துட்டு வந்துட்டார். மேல் துணி அதுக்குள்ளயே கிழிஞ்சு போயிருந்தது. அம்மாவைப் பின் சீட்டுல படுக்க வச்சு, சாக்கை மடிச்சுப் போட்ட கொங்காடை ரெண்டை மேல போர்த்தி, அம்மிச்சி குனிஞ்சு அம்மா முகத்துக்குக் குடையா நின்னாளாம். அப்பா தொப்பலா நனைஞ்சுட்டே ஓட்டினார். வைப்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மட்டும்தானே துடைக்கும். இந்தப் பக்கம் விழற மழையை அப்பா கையால துடைச்சுட்டே போனாராம்.

காலையில போய் முதலாளிகிட்ட உண்மையைச் சொன்னார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சீட்டு நனைஞ்சிருச்சா?" நனைஞ்சிருச்சுங்கன்னார் அப்பா. "அப்ப வெயில்ல போட்டுக் காய வை. பிள்ள என்ன, பையனா?" அவ்வளவுதான் விசாரணை.

இனி இப்பத்திக் கதைக்கு வர்றேன்.

எங்க தோட்டத்துல தென்னைக்கு வாடல் நோய் வந்ததைப் பத்தி முன்னாடி எழுதியிருக்கேன். இந்த ரெண்டு வருஷத்துல 62 மரம் வெட்டியாச்சு. வெட்டின இடத்துல கன்னு வைக்கணும், சொட்டு நீர்க் குழாய் மாத்தணும், கூட்டுறவுக் கடனுக்கு வட்டி கட்டணும். வீட்டுக்காரி ஒரு நாள் சாய்ப்பைக் கூட்டிட்டே, "இத நிறுத்தி வச்சு என்ன பண்றதுங்க? எலியும் பாம்பும்தான் குடியிருக்குது"ன்னா. அவ சொன்னது சரிதான். விக்கறதுன்னு முடிவு பண்ணினேன்.

முதல்ல வந்தவர் பழைய இரும்புக் கடைக்காரர். வண்டி எடை சுமார் 800 கிலோ வரும்னு கணக்குப் போட்டு, 24 ஆயிரம் தர்றேன்னார்.

ரெண்டாவது வந்தது ஒரு தம்பி. கல்யாண போட்டோ எடுக்கிறவங்களுக்குக் கார் வாடகைக்கு விடறார். வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தார். "அண்ணா, சூப்பர் பீஸு. பழைய இஞ்சினைத் தூக்கிட்டு மாருதி இஞ்சின் போட்டு, அகல டயர் மாட்டி, செவப்பு அடிச்சா ஒரு நாளைக்கு நல்ல வாடகை நிக்கும்"னார். ரெண்டேகால் லட்சம் தர்றேன்னு சொல்லி, அங்கேயே பத்தாயிரம் அட்வான்ஸ் எடுத்து நீட்டினார். ஏனோ தெரியலை, "ரெண்டு நாள் பொறுங்க தம்பி"ன்னுட்டேன்.

மூணாவதா கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தர் வந்தார். அறுபது வயசிருக்கும். ரிட்டையர்டு இஞ்சினியர். பழைய கார்கள் வச்சிருக்கிறவர். அவர் வண்டியைப் பார்த்த விதமே வேற. நம்ம காங்கேயம் மாடு வாங்க வர்றவங்க பார்க்கிற மாதிரி. நல்ல வியாபாரி மாட்டோட உடம்பை முதல்ல பார்க்க மாட்டான். பல்லைப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான், யார் பட்டியில பிறந்ததுன்னு கேட்பான். இவரும் பெயின்டைப் பார்க்கவே இல்லை. கோணிப்பையை விரிச்சு அடியில படுத்துட்டார். டார்ச் அடிச்சு சேஸிஸைத் தட்டித் தட்டிக் கேட்டார். எழுந்து வந்து, "ஆர்.சி. புத்தகம் இருக்குதுங்களா?"ன்னார்.

இருந்தது. அப்பா எல்லாத்தையும் ஒரு தகரப் பெட்டியில வச்சிருந்தார். ஆர்.சி. புத்தகம், பட்டறைக்காரர் 1969ல் எழுதிக் கொடுத்த பில்லு, முதலாளி வண்டியை அப்பாவுக்குக் கொடுத்ததுக்கு எழுதின கடுதாசி. இஞ்சின் நம்பரைத் துடைச்சுப் பார்த்தார். புத்தகத்துல இருக்கிற அதே நம்பர். மனுஷனுக்கு முகம் மலர்ந்திருச்சு.

ஆனா விலை சொல்லும்போது ஒன்றரை லட்சம்தான் சொன்னார். "ஏனுங்க, இது மாதிரி இன்னொண்ணு இல்லையே. அபூர்வம்தானுங்களே?"ன்னு கேட்டேன்.

அதுக்கு அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மட்டும் எழுதறேன். எனக்கு இது புதுப் பாடம்.

அபூர்வங்கறது மட்டும் விலையைக் கொண்டு வராதாம். யார் பண்ணினது, எதுக்காகப் பண்ணினது, அன்னைக்குப் பண்ணின மாதிரியே இன்னைக்கும் இருக்கா, நடுவுல யார் யார் கையில இருந்தது, இதெல்லாம் சேரணும். உதாரணத்துக்கு ஒரு பெராரி கதை சொன்னார். 275 ஜிடிபி/4ன்னு ஒரு வண்டி, கூரையோட வர்றது. அமெரிக்காவில பெராரி வித்துட்டிருந்தவர் லூயிஜி கினெட்டி. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை மூணு தடவை ஜெயிச்சவர். அவர் போய், எங்க ஊர்க்காரங்க திறந்த வண்டி கேட்கறாங்க, இதையே கூரை இல்லாம பண்ணிக் கொடுங்கன்னு கேட்டாராம். இத்தாலியில மொடெனாவில ஸ்காலியெட்டின்னு ஒரு பாடி கட்டற பட்டறை. அங்கே 1967, 68ல் கையால தட்டிப் பண்ணிக் கொடுத்தாங்க. 25 பண்ணலாம்னு நினைச்சது, சரியா விலை போகாம 10ஓட நின்னு போச்சு. அதுல ஒண்ணு, புதுசா வாங்கின நாள் முதலா ஒரே குடும்பத்துல இருந்தது, 2013 ஆகஸ்டுல கலிபோர்னியாவில ஏலத்துக்கு வந்தப்ப 2 கோடியே 75 லட்சம் டாலருக்குப் போச்சு. அந்தப் பணத்தை அந்தக் குடும்பம் தர்ம காரியத்துக்குக் கொடுத்துட்டாங்களாம்.

"அதுவும் கூரை எடுத்த வண்டி, இதுவும் கூரை எடுத்த வண்டி"ன்னேன்.

சிரிச்சுட்டார். "அது வண்டி பண்ணினவங்களே எடுத்ததுங்க. இது நம்ம பட்டறையில எடுத்தது. கல்யாணப் பத்திரிகையில அச்சடிச்ச பேருக்கும் பேனாவில எழுதிச் சேர்த்த பேருக்கும் இருக்கிற வித்தியாசம்."

இன்னொரு சிக்கலும் சொன்னார். 2021லிருந்து, 50 வருஷம் தாண்டின வண்டிகளை விண்டேஜ்னு தனியாப் பதிவு பண்ணி, நடுவுல வி.ஏ.ன்னு எழுத்து வர்ற நம்பர் வாங்கிக்கலாம்னு சட்டம் வந்திருக்காம். ஆனா அதுக்கு வண்டி பிறந்த ரூபத்துல இருக்கணும். சேஸிஸ், பாடி, இஞ்சின்ல பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாது. "கூரையை வெட்டியிருந்தா கஷ்டம்"னு சொல்லிட்டே, வண்டியோட கண்ணாடிச் சட்டத்து மேல விரலை ஓட்டினார். திடீர்னு நிறுத்தினார். டார்ச்சை வாங்கிக் கிட்டக்கப் பிடிச்சார்.

"இது வெட்டலைங்க. கழட்டியிருக்காங்க."

ஹெரால்டுக்கு ஒரு விசேஷம் உண்டாம். மத்த கார்கள்ல கூரையும் உடம்பும் ஒரே தகரமா ஒட்டிப் பிறக்கும். கூரையை வெட்டினா வண்டி வலு இழந்துரும், கதவு தொங்கிப் போகும். ஹெரால்டுல அடியில தனிச் சேஸிஸ். மேல உடம்பு துண்டு துண்டா போல்ட் போட்டு முறுக்கினது. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைஞ்சு கொடுத்த டிசைன். அதனாலதான் இங்கிலாந்துல அதே வண்டியைக் கூரையோடவும், கூரை இல்லாமலும், பின்னால சாமான் ஏத்தற மாதிரியும் சுலபமாப் பண்ண முடிஞ்சது. அந்தச் சேஸிஸைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் ட்ரையம்ப் ஸ்பிட்பயர்னு ரெண்டு பேர் உட்கார்ற ஸ்போர்ட்ஸ் காரும் பண்ணினாங்க. நம்ம பட்டறைக்காரர் அது தெரிஞ்சவர். ரம்பத்தைத் தொடாம, போல்ட்டைக் கழட்டிக் கூரையை முழுசாத் தூக்கியிருக்கார். ஒரு ஓட்டைகூட புதுசாப் போடாம, இருந்த போல்ட்டு ஓட்டையிலேயே துணிக்கான கம்பியை மாட்டியிருக்கார்.

"எவ்வளவு அடக்கமான வேலைக்காரர் பாருங்க"ன்னார். பேர் என்னன்னு பில்லைத் திருப்பிப் பார்த்தார். பட்டறைக்காரர் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. படிக்க முடியலை.

"அந்தக் கூரை மட்டும் கிடைச்சிருந்தா..."ன்னு இழுத்தார்.

திண்ணையில உட்கார்ந்து வெங்காயம் உரிச்சிட்டிருந்த எங்க அம்மா தலை நிமிரவே இல்லை. "அங்க கோழிக் கூண்டு மேல கெடக்குதல்ல, அதுதானுங் கண்ணு"ன்னா.

எனக்கே தெரியாதுங்க. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற கோழிக் கூண்டு. கல்லு கட்டின சுவர், மேல வளைஞ்ச தகரம். வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி அப்பா தார் பூசுவார். அவருக்கப்புறம் நான் பூசறேன். அது கார் கூரைன்னு யாரும் சொன்னதில்லை. 1969ல் பட்டறைக்காரர் கழட்டின கூரையைத் திருப்பிக் கொடுத்திருக்கார். முதலாளி வேண்டாம்னுட்டார். நல்ல தகரத்தை வீசக் கூடாதுன்னு அப்பா மாட்டு வண்டியில ஏத்திட்டு வந்து கோழிக் கூண்டுக்குப் போட்டுட்டார். ஆக, கூரை எங்க வீட்டுக்கு முதல்ல வந்திருச்சு. கார் 18 வருஷம் கழிச்சு வந்தது. அதுக்கப்புறம் ரெண்டும் இருபது அடி தூரத்துல நின்னுட்டிருந்திருக்கு.

அந்த மனுஷன் செருப்பைக் கூடப் போடாம ஓடினார். கோழியெல்லாம் கத்திட்டுப் பறக்குது. தாரைச் சுரண்டிப் பார்த்தார். ஓரம் மட்டும் துரு. நடுவுல அந்தக் காலத்துப் பச்சைப் பெயின்ட் கூட இருந்தது.

திரும்பி வந்து திண்ணையில உட்கார்ந்து ஒரு சொம்பு மோர் குடிச்சார். "ஒண்ணு எண்பது தர்றேனுங்க. கூரைக்கும் சேர்த்து. அதுக்கு மேல என்னால முடியாது. இதைச் சரி பண்ணறதுக்கே இதைவிட எச்சாச் செலவாகும்"னார்.

"கூரையை மாட்டிருவீங்களா?"

கொஞ்ச நேரம் யோசிச்சார். "மாட்டினா சட்டப்படி பழைய ஹெரால்டு. மாட்டாம விட்டா உங்கப்பா ஓட்டின வண்டி. ரெண்டும் நிஜம்தான். போல்ட்டு இருக்கிறதுனால ரெண்டையும் வச்சுக்கலாம். பதிவு பண்ணும்போது மாட்டிக்கலாம்."

போறதுக்கு முன்னாடி போன்ல ஒரு படம் காட்டினார். பிரான்சுல மேற்குப் பக்கம் ஒரு பண்ணை. 2014ல் அங்கே கொட்டகைகள்ல சுமார் 60 பழைய கார் கண்டுபிடிச்சிருக்காங்க. லாரி தொழில் பண்ணின ரோஜர் பையோன்னு ஒருத்தர் மியூசியம் வைக்கலாம்னு சேர்த்து வச்சதாம். தொழில் நொடிச்சுப் போய், பாதி வித்து, மீதி அப்படியே நின்னு போச்சு. அதுல ஒரு திறந்த பெராரி, பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில இருந்தது. ஒரு காலத்துல நடிகர் அலென் தெலோன் வச்சிருந்த வண்டி. 2015ல் பாரிசுல ஏலம் விட்டப்ப 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல போயிருக்கு. துடைக்காம, தூசியோடயே வித்தாங்களாம். அந்தப் படத்துல நான் பெராரியை விடக் கொட்டகையைத்தான் பார்த்தேன். தகரக் கூரை, கொடி படர்ந்த சுவர். எங்க சாய்ப்புக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. சேர்த்து வச்சவர் கடைசி வரைக்கும் அந்த வண்டிகளைப் பார்த்துட்டு என்ன நினைச்சிருப்பார்னு தோணுச்சு. எங்க அப்பாவும் சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, அந்தச் சாய்ப்பு வாசல்ல சும்மா ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் வருவார்.

அன்னைக்கு ராத்திரி வீட்டுல சண்டை. மறைக்க ஒண்ணுமில்லை. ரெண்டேகால் எங்கே, ஒண்ணு எண்பது எங்கே. "நாப்பத்தஞ்சாயிரங்க! எத்தனை தென்னங்கன்னு வாங்கலாம். பழைய காருக்கு எந்த இஞ்சின் போட்டா நமக்கென்ன?"ன்னா வீட்டுக்காரி. எனக்குப் பதில் இல்லை. கடன் என் பேர்ல மட்டும் இல்லை, அவ தாலிக்கொடியும் அடமானத்துல இருக்குது. இந்த வீட்டுல ஆசைக்கு விட்டுக் கொடுக்கிற அளவுக்குப் பணம் என்னைக்கும் இருந்ததில்லை.

அம்மாகிட்டக் கேட்டேன். அம்மாவுக்கு இப்ப 76. "அந்த மீசைக்கார அண்ணன் உங்கப்பனப் பத்தி எத்தனை கேள்வி கேட்டார்னு எண்ணினயா?"ன்னா. நான் எண்ணலை. "அந்தப் பையன் ஒண்ணுகூடக் கேக்கல. காசு வேணும்னா பையனுக்குக் குடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." அப்படிச் சொல்றதே ஒரு சொல்லுதான்.

விடிஞ்சதும் கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் பண்ணினேன். வீட்டுக்காரி நாலு நாள் சரியாப் பேசலை. அஞ்சாவது நாள், வண்டியைக் கிரேன் வச்சு ஏத்தும்போது, அவளேதான் சூடம் கொளுத்திக் காட்டினா. கூரையை ஆறு பேர் தூக்கினோம். கோழிக் கூண்டு வானம் பார்த்துட்டு நின்னது. பொழுதோட சிமென்ட் ஷீட் வாங்கிட்டு வந்து போட்டேன். முதல் ராத்திரி கோழி ஒண்ணுகூட உள்ளே போகலை. வேப்ப மரத்துல ஏறி உட்கார்ந்துருச்சு.

நான் பண்ணினது சரியான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியலை. வட்டி கட்டியாச்சு. தாலிக்கொடி இன்னும் வரலை. 40 கன்னு வச்சிருக்கோம். இன்னும் 22 குழி சும்மா கிடக்குது. அந்தக் குழிகளைத் தாண்டும்போதெல்லாம் நாப்பத்தஞ்சாயிரம் ஞாபகம் வரும். சாய்ப்பைத் தாண்டும்போது அது ஞாபகம் வராது. ரெண்டுக்கும் நடுவுலதான் தினமும் நடக்கறேன்.

போன வாரம் அவர்கிட்டயிருந்து வாட்ஸ்அப்புல ஒரு ஆடியோ வந்தது. இஞ்சின் ஓடற சத்தம். 33 வருஷத்துக்கு அப்புறம். அம்மா காதுகிட்ட வச்சேன். கண்ணை மூடிட்டுக் கேட்டா. ரெண்டாவது தடவை போடச் சொன்னா. "இது உங்கப்பன் ஓட்டற மாதிரி இல்ல. அவரு இத்தனை நேரம் உறும விடமாட்டாரு, பெட்ரோல் போயிரும்னு"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டா.

அந்தக் காரை விக்கும்போது ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டேன். ஓட ஆரம்பிச்சா ஒரு தடவை ஊருக்குக் கொண்டு வந்து, அம்மாவை உட்கார வச்சு உடுமலைப்பேட்டை வரைக்கும் போயிட்டு வரணும். கண்டிப்பா வர்றேன், ஐப்பசியில பார்க்கலாம்னு எழுதியிருந்தார். அம்மாகிட்டச் சொன்னேன்.

"ஐப்பசியிலயா?"ன்னா. கொஞ்சம் யோசிச்சா. "வரட்டும். ஆனா அந்தக் கூரையையும் கையோட எடுத்துட்டு வரச் சொல்லு. எனக்கு ஒருக்கா நனைஞ்சது போதும்."